களிமண் சிற்பத்துக்கு எந்த அச்சு? தொடங்குபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

களிமண்ணில் ஒரு தலையைச் செய்து முடித்ததும், அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் பலருக்கும் கை நின்றுவிடுகிறது. உள்ளே கம்பிச் சட்டம் இருப்பதால் சூளையில் வைத்துச் சுட முடியாது. அப்படியே விட்டால் களிமண் காயும்போது சுருங்கும், கம்பி சுருங்காது. கழுத்திலும் தாடையிலும் விரிசல் விழும். ஈரத்துணி சுற்றி, பிளாஸ்டிக் உறை போட்டு மூடி எத்தனை நாள் காப்பாற்ற முடியும்? அச்சு எடுத்து வேறொரு பொருளில் வார்த்தால்தான் அந்த உழைப்பு நிலைக்கும்.

எப்படி அச்சு எடுப்பது என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது சிலிக்கோன் ரப்பர். அப்புறம் ஆல்ஜினேட், லேடெக்ஸ், பிளாஸ்டர் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றையும் எளிது என்றுதான் சொல்வார்கள். எந்தப் பொருள் சிறந்தது என்று கேட்டுக்கொண்டு போனால் முடிவுக்கே வர முடியாது. நான் எப்போதும் முதலில் கேட்பது வேறு கேள்வி: பிரிக்கும்போது எது விட்டுக்கொடுக்கப் போகிறது?

அச்சு வேலையில் மூன்று பொருட்கள் இருக்கின்றன. மூலச் சிற்பம், அதன்மேல் எடுக்கும் அச்சு, அச்சுக்குள் ஊற்றும் வார்ப்பு. இரண்டு தடவை பிரிக்க வேண்டும்: முதலில் மூலத்திலிருந்து அச்சை, பிறகு அச்சிலிருந்து வார்ப்பை. இரண்டு தடவையும் யாராவது ஒருவர் வளைந்தோ உடைந்தோ சிதைந்தோ வழிவிட வேண்டும். கடினமான இரண்டு பொருட்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டால் சுத்தியல் எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

அப்படி மாட்டும் இடத்தை உட்குடைவு என்று சொல்லலாம். பட்டறையில் அண்டர்கட் என்பார்கள். மூக்குத் துளை, காதின் பின்புறம், தாடையின் அடிப்பகுதி, இடுப்பில் ஊன்றிய கைக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள சந்து எல்லாம் உட்குடைவுகள். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. அறையை இருட்டாக்குங்கள். அச்சை எந்தத் திசையில் இழுத்து எடுக்கப் போகிறீர்களோ, அந்தத் திசையில் சற்றுத் தள்ளி ஒரு டார்ச் விளக்கை வைத்து சிற்பத்தின் மேல் அடியுங்கள். நீங்கள் பக்கவாட்டில் வந்து பாருங்கள். வெளிச்சம் படாமல் இருட்டாக நிற்கும் இடமெல்லாம் கடினமான அச்சு மாட்டிக்கொள்ளும் இடம். பத்து நிமிட வேலைதான். அச்சுப் பொருள் வாங்கக் கிளம்புமுன் இதைச் செய்துவிட்டால், பாதி முடிவை சிற்பமே சொல்லிவிடும்.

வழிவிடுவதில் நான்கு வகைதான் உண்டு. மூலம் மென்மையாக இருந்து சிதைந்து வெளியே வரலாம். அச்சு உடைந்துபோகலாம். அச்சு வளைந்து கொடுக்கலாம். அல்லது அச்சைப் பல துண்டுகளாகச் செய்து, ஒவ்வொன்றையும் அதற்கு வசதியான திசையில் கழற்றலாம். கீழே வரும் எல்லா முறையும் இந்த நான்கில் ஏதோ ஒன்றில் அடங்கும். இதோடு இன்னும் மூன்று விஷயங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை பிரதி வேண்டும், மூலம் பத்திரமாக மிஞ்ச வேண்டுமா, கடைசியில் எதில் வார்க்கப் போகிறீர்கள்.

களிமண் தட்டில் அழுத்தி வார்ப்பது

இதைவிட எளிய முறை கிடையாது. மூன்று சென்டிமீட்டர் தடிமனுக்குக் களிமண்ணைத் தட்டையாகப் பரப்பி, சிப்பி, இலை, மரப்பட்டை, பழைய சாவி என்று எதையாவது அழுத்தி எடுங்கள். சுற்றிலும் களிமண்ணாலேயே வரப்பு கட்டி பிளாஸ்டரை ஊற்றுங்கள். இறுகியதும் களிமண்ணை உரித்தால் புடைப்புச் சிற்பம் கையில் இருக்கும். இங்கே விட்டுக்கொடுப்பது அச்சு. ஈரக் களிமண்ணில் பிளாஸ்டர் ஒட்டாது என்பதால் எண்ணெயோ சோப்போ பூச வேண்டியதில்லை. ஓர் அச்சுக்கு ஒரு வார்ப்புதான் கிடைக்கும். அந்தக் களிமண்ணில் பிளாஸ்டர் துணுக்குகள் கலந்திருக்கும், எனவே சூளையில் சுடும் வேலைக்கு அதைத் திரும்ப எடுக்காதீர்கள். துணுக்கு இருக்கும் இடத்தில் சுட்ட பிறகு பொரிந்து தெறிக்கும்.

பொருளை அழுத்துவதைவிட, களிமண் தட்டில் நேரடியாகத் தலைகீழாகச் செதுக்குவது இன்னும் நல்ல பயிற்சி. கன்னம் மேலே வர வேண்டுமானால் நீங்கள் குழி தோண்ட வேண்டும். கண்ணிமையின் மடிப்பு பள்ளமாகத் தெரிய வேண்டுமானால் மண்ணில் ஒரு மெல்லிய வரப்பு வைக்க வேண்டும். முதலில் தலை சுற்றும். சில தடவை செய்த பிறகு எந்த உருவத்தைப் பார்த்தாலும் அதைச் சுற்றியுள்ள வெற்றிடமும் ஒரு வடிவமாகத் தெரியத் தொடங்கும். சிற்பியின் கண்ணுக்கு அது பெரிய லாபம். பிரிட்டன் சிற்பி ரேச்சல் வைட்ரீட் 1993இல் லண்டனில் இடிக்க இருந்த ஒரு வீட்டையே அச்சாக வைத்து, அதன் உள்வெளியைக் கான்கிரீட்டில் வார்த்துச் சுவர்களை உரித்தெடுத்தார். எளிய களிமண் தட்டிலும் நடப்பது அதே சிந்தனைதான்.

பிளாஸ்டர் கரைக்கும் பக்குவம்

எந்த முறைக்குப் போனாலும் பிளாஸ்டர் வரும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம். ஜிப்சம் என்ற கனிமத்தை ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், அதற்குள் இருக்கும் நீரில் நாலில் மூன்று பங்கு போய்விடும். மிஞ்சும் பொடிதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தண்ணீர் பட்டதும் இழந்த நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி ஜிப்சமாகிறது. ஊசி ஊசியான படிகங்கள் பின்னிக்கொண்டு கெட்டியாகும்போது வெப்பம் வெளிவருகிறது. இறுகும்போது சுருங்காமல் மிக லேசாக விரிவதால், விரல் ரேகையைக்கூட விடாமல் படியெடுக்கும்.

எப்போதும் தண்ணீரில்தான் பொடியைத் தூவ வேண்டும். பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். எடைக் கணக்கில் 100 பங்கு பிளாஸ்டருக்கு 70 பங்கு தண்ணீர் என்பது ஒரு நடுவான அளவு. பையில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். குளிர்ந்த தண்ணீரில் கைப்பிடி கைப்பிடியாகப் பரவலாகத் தூவிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் பொடி மூழ்காமல் தண்ணீருக்கு மேலே திட்டுத் திட்டாக நிற்கும். அங்கே நிறுத்திவிடுங்கள். ஓரிரு நிமிடம் தொடாமல் ஊறவிட்டு, பிறகு கையுறை போட்ட கையை அடிவரை விட்டு, மேற்பரப்பைக் கலைக்காமல் மெதுவாகக் கலக்குங்கள். மேலே அடித்துக் கலக்கினால் காற்று உள்ளே போகும், அந்தக் குமிழியெல்லாம் சிற்பத்தின் மூக்கு நுனியில்தான் போய் உட்காரும். விரலை எடுத்துப் பாருங்கள். கையுறையின் நிறம் தெரியாமல் வெள்ளையாக மூடி, வடியாமல் நின்றால் ஊற்றும் பதம் வந்துவிட்டது.

இறுகத் தொடங்கிய பிளாஸ்டரில் தண்ணீர் விட்டு இளக்கப் பார்க்காதீர்கள். பின்னத் தொடங்கிய படிகங்கள் முறிந்து, காய்ந்த பிறகு சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிரும். பாத்திரத்தில் பழைய பிளாஸ்டர் ஒட்டியிருந்தால் புதியது நினைத்ததைவிடச் சீக்கிரம் இறுகிவிடும், உப்பும் வெந்நீரும்கூட அப்படித்தான் செய்யும். சில துளி வினிகர் தாமதப்படுத்தும்.

மூன்று எச்சரிக்கைகளை விடவே கூடாது. பொடியைக் கொட்டும்போது முகக்கவசம் போடுங்கள். மிச்சத்தையோ கழுவிய நீரையோ சாக்கடைக் குழாயில் ஊற்றாதீர்கள், தண்ணீருக்கு அடியிலும் அது கல்லாகிவிடும். மூன்றாவது மிக முக்கியம்: கையையோ காலையோ பிளாஸ்டரில் முக்கி அச்சு எடுக்கவே கூடாது. தடிமனாக ஊற்றிய பிளாஸ்டர் 60 டிகிரி வரை சூடாகும், இறுகிய பிறகு கையை உருவவும் முடியாது. 2007இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி கலை வகுப்பில் இப்படிச் செய்து விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தார்.

உடைத்தெடுக்கும் பிளாஸ்டர் அச்சு

களிமண்ணில் தலையோ மார்பளவுச் சிற்பமோ செய்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த முறையைத்தான். மூலமும் சிதையும், அச்சும் உடையும், வார்ப்பு மட்டும் மிஞ்சும். இரண்டு தடவையும் விட்டுக்கொடுக்க ஆள் இருப்பதால் உட்குடைவு எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை.

இத்தாலியின் பொம்பெய் நகரத்தில் 1863இல் தொல்லியலாளர் ஜுசெப்பே ஃபியொரெல்லி செய்தது இதேதான். எரிமலைச் சாம்பலில் புதைந்த உடல்கள் மக்கி, இறுகிய சாம்பலுக்குள் வெற்றிடமாக நின்றன. அவர் அந்த வெற்றிடங்களில் பிளாஸ்டரை ஊற்றி, இறுகியதும் சாம்பலை உடைத்தெடுத்தார். கடைசி நொடியில் முகத்தை மூடிய கைகளும் உடையின் மடிப்புகளும் அப்படியே வந்தன. மூலம் மக்கிவிட்டது, அச்சு உடைந்துவிட்டது, வார்ப்பு நின்றது.

செய்முறை இப்படிப் போகும். தலையின் உச்சியிலிருந்து காதுகளின் பின்புறம் வழியாகக் கீழே வரை, மெல்லிய தகரத் துண்டுகளை வரிசையாகக் களிமண்ணில் செருகி ஒரு வேலி போடுங்கள். அச்சு முன்பாதி, பின்பாதி என்று பிரிவது அந்தக் கோட்டில்தான். இரண்டு மூன்று இடங்களில் தகரத்தை லேசாக மடித்துச் செருகினால், மறுபடி சேர்க்கும்போது இரண்டு பாதியும் நகராமல் பூட்டிக்கொள்ளும். முதல் பூச்சுக்கான பிளாஸ்டரில் கொஞ்சம் காவிப்பொடியோ நீலமோ கலந்து, கையால் விசிறித் தெளித்து, அரை சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமனில் சிற்பம் முழுவதையும் மூடுங்கள். அது இறுகியதும் மேலே நீர்க்கக் கரைத்த களிமண்ணைத் தூரிகையால் தடவிவிட்டு, வெள்ளை பிளாஸ்டரை இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குப் பூசுங்கள். பெரிய வேலையானால் பிளாஸ்டரில் நனைத்த சாக்குத் துணியை அதற்குள் வைத்து வலுவேற்றலாம்.

இறுகிய பிறகு கோட்டில் மர ஆப்பை மெல்லத் தட்டி, இடுக்கில் தண்ணீர் விட்டுக்கொண்டே திறக்க வேண்டும். உள்ளிருக்கும் களிமண்ணைத் தோண்டி எடுத்துக் கழுவி, மென்சோப்புக் கரைசலை மூன்று நான்கு தடவை பூசித் துடைத்து, கடைசியில் ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். பிளாஸ்டர் மேல் பிளாஸ்டர் ஊற்றுவதால் இந்தப் படியில் சோம்பல்பட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். பாதிகளைச் சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, கோட்டைக் களிமண்ணால் அடைத்து, கழுத்து வழியாகப் பிளாஸ்டரை ஊற்றி உருட்டிச் சுழற்றி மிச்சத்தை வெளியே கொட்டுங்கள். இதையே மறுபடி செய்தால் உள்ளே கூடாக, எடை குறைவான வார்ப்பு கிடைக்கும்.

அப்புறம்தான் நல்ல பகுதி. மொட்டை உளியும் மரச் சுத்தியும் எடுத்து வெள்ளை ஓட்டைத் தட்டி உடைக்க வேண்டும். நடுவில் தடவிய களிமண்ணால் அது பாளம் பாளமாகக் கழன்று வரும். காவி நிறம் தெரிந்ததும் கை தானாக நிதானப்படும். அதற்கு அடியில் அரை சென்டிமீட்டருக்குள் சிற்பம் இருக்கிறது. உளியைச் சாய்க்காமல் மேற்பரப்புக்கு நேர்செங்குத்தாகப் பிடித்துத் தட்டுங்கள். சாய்த்தால் அடுத்த தட்டில் கன்னத்தைக் கீறிவிடும். நெற்றி, தலையின் பின்புறம் போன்ற திடமான இடங்களில் தொடங்கி, மூக்கையும் காதையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்காவது பெயர்ந்துவிட்டாலும் பிளாஸ்டரை ஈரமாக்கி அங்கேயே ஒட்டுப்போடலாம்.

குறை என்ன? ஒரே ஒரு வார்ப்பு. வார்ப்பு சரியாக வராவிட்டால் திரும்பிப் போக மூலமும் இல்லை, அச்சும் இல்லை. இருந்தும் இதையே முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஒரு வேலையில் பிரிப்புக் கோடு போடுவது, பூட்டு வைப்பது, ஒட்டாமல் பிரிப்பது, கூடாக வார்ப்பது, செப்பனிடுவது எல்லாமே கைக்கு வந்துவிடும். பிறகு எந்தப் புதுப் பொருளை எடுத்தாலும் அதில் கற்க வேண்டியது மிச்சம் கொஞ்சம்தான். செலவும் மிகக் குறைவு.

பிளாஸ்டரிலேயே உடைக்காத அச்சும் உண்டு. உட்குடைவு இல்லாத புடைப்புச் சிற்பத்துக்கு ஒரே துண்டாக எடுத்து, சோப்புப் பூசிப் பூசிப் பல பிரதிகள் வார்க்கலாம். அந்த அச்சை நன்றாகக் காயவைத்தால் அதற்குள் களிமண்ணையே அழுத்தி எடுக்கலாம்; பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சுவதால் களிமண் சுருங்கித் தானே பிரியும், சூளையிலும் சுடலாம். முழு உருவத்துக்குப் பத்துப் பதினைந்து துண்டு அச்சு செய்வது தேர்ந்தவர்களின் வேலை. தொடங்குபவர்கள் இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சிலிக்கோன் ரப்பர்

இங்கே வளைந்து கொடுப்பது அச்சு. மூலம் கடினமாக இருக்கலாம், வார்ப்பும் கடினமாக இருக்கலாம், இரண்டும் சேதப்படாது. நுணுக்கத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. பிளாஸ்டர், மெழுகு, சிமென்ட், ரெசின் (கலந்து ஊற்றினால் இறுகும் திரவப் பிளாஸ்டிக்) எதையும் பூச்சு எதுவுமில்லாமல் ஊற்றிப் பல பிரதிகள் எடுக்கலாம். ஆனால் சொல்லப்போகும் எல்லாப் பொருட்களிலும் விலை அதிகமானது இதுதான், தவறினால் திரும்பக் கரைத்து ஊற்றவும் முடியாது.

இரண்டு வகை உண்டு, வாங்குமுன் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டின், அதாவது வெள்ளீயச் சேர்மத்தால் இறுகுவது ஒன்று. விலை குறைவு, பெரும்பாலான மூலங்களின் மேல் தயக்கமில்லாமல் இறுகும். நாளடைவில் கொஞ்சம் சுருங்கும், சில வருடங்களில் அச்சு மொறமொறப்பாகிக் கிழியும். பிளாட்டினத்தால் இறுகுவது மற்றொன்று. சுருக்கம் ஏறக்குறைய இல்லை, ஆயுள் அதிகம், கலந்ததும் இறுகும் அதன் இரண்டு பாகங்களையும் சம அளவில் கலக்கும்படி பெரும்பாலும் வருகிறது. இதற்கு ஒரு பலவீனம்: கந்தகம் ஆகாது. சில எண்ணெய்க் களிமண்களில் கந்தகம் இருக்கும். லேடெக்ஸ் கையுறை பட்டாலும் கெடும், முன்பு டின் வகை சிலிக்கோன் கலந்த பாத்திரம் பட்டாலும் கெடும். கெட்டால் மேற்பரப்பு இறுகாமல் பசையாகவே நின்று, மூலத்தின் மேல் அப்பிக்கொள்ளும். சிற்பத்தின் அடியிலோ பின்புறத்திலோ ஒரு துளி வைத்து இறுகுகிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுவதுதான் ஒரே பாதுகாப்பு. முதல் தடவை செய்பவர்களுக்கு டின் வகை போதும் என்பதே என் கருத்து.

சிறிய உருவம் என்றால் பெட்டிக்குள் வைத்து முழுவதும் ஊற்றிவிடலாம். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி போதும். பெட்டி பெரிதாகப் பெரிதாக சிலிக்கோன் வீணாகும். அளவு தெரிய, நீர் உறிஞ்சாத மூலமானால் பெட்டியில் மூழ்கும்வரை தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரை அளந்துகொள்ளுங்கள், பிறகு நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். எடைத் தராசில் அளந்து, பாத்திரத்தின் ஓரமும் அடியும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும். ஊற்றும்போது உயரத்திலிருந்து நூல் பிடித்த மாதிரி மெல்லிய தாரையாக, பெட்டியின் ஒரே மூலையில் ஊற்றுங்கள். இழுபடும் தாரையில் குமிழிகள் உடைந்துவிடும். மெல்ல ஏறும் சிலிக்கோன் சிற்பத்தின் மடிப்புகளிலிருந்து காற்றைத் தள்ளிக்கொண்டே மேலே வரும்.

இறுகிய கட்டியைக் கத்தியால் ஒரு பக்கம் மட்டும் பிளந்து மூலத்தை எடுக்கலாம். வெட்டை நேர்கோடாகப் போடாமல் வளைத்து வளைத்து வெட்டினால் திரும்ப மூடும்போது சரியாகப் பொருந்தும். இரண்டு பாதியாக ஊற்றுகிறீர்கள் என்றால் முதல் பாதியின் மேல் வாஸ்லின் மெல்லியதாகப் பூசாமல் இரண்டாவதை ஊற்றாதீர்கள். சிலிக்கோன் வேறு எதிலும் அவ்வளவாக ஒட்டாது, சிலிக்கோனோடு மட்டும் பிரிக்க முடியாதபடி ஒட்டும்.

தலை அளவுச் சிற்பத்துக்குக் கட்டியாக ஊற்றினால் கட்டுப்படியாகாது. கெட்டியாக்கும் திரவம் சேர்த்து மூன்று நான்கு பூச்சாகத் தூரிகையால் பூசி, மேலே பிளாஸ்டரில் இரண்டு துண்டு மேலோடு செய்ய வேண்டும். அந்த மேலோடு இல்லாவிட்டால் ரப்பர் தொய்ந்து முகம் கோணலாகிவிடும். ரப்பரின் மென்மையை ஷோர் ஏ என்ற அளவில் குறிப்பார்கள். 10இலிருந்து 20 வரை உள்ளது மென்மையானது, ஆழமான உட்குடைவுக்கு ஏற்றது. 30 அளவில் உள்ளது வடிவத்தை நன்றாகப் பிடித்து நிற்கும்.

சிலிக்கோனோடு தொடங்குவதில் எனக்குள்ள தயக்கம் விலை மட்டுமல்ல. அது எல்லா உட்குடைவையும் மன்னித்துவிடுகிறது. அச்சு எங்கே மாட்டும், கோடு எங்கே போக வேண்டும் என்று யோசிக்கும் பழக்கமே வராமல் போய்விடும். பெரிய சிற்பம் வரும்போது அந்த யோசனை இல்லாமல் மேலோட்டைப் பிரிக்க முடியாது. உள்ளங்கை அளவு உருவம் செய்து பத்துப் பேருக்குக் கொடுக்க நினைப்பவருக்கு இந்தத் தயக்கம் பொருந்தாது. அவர் நேராக சிலிக்கோனுக்கே போகலாம்.

லேடெக்ஸும் மற்றவையும்

ரப்பர் பாலை அம்மோனியா சேர்த்துக் கெடாமல் வைத்திருப்பதுதான் லேடெக்ஸ். தூரிகையால் ஒவ்வொரு பூச்சாகப் பூசி, காயக் காய மேலே பூசிக்கொண்டு போக வேண்டும். எட்டுப் பத்துப் பூச்சுக்குக் குறைந்தால் வலு இருக்காது, எனவே நாள் பிடிக்கும். காயும்போது சுருங்கும், இதற்கும் பிளாஸ்டர் மேலோடு வேண்டும். பலம் என்னவென்றால், நன்றாக இழுபடும். காலுறையை உருவுவது போல அச்சைத் திருப்பி உரித்து எடுக்கலாம். சிலிக்கோனைவிட மிகவும் மலிவு, சிமென்டையும் பிளாஸ்டரையும் நன்றாகத் தாங்கும். எண்ணெய் ஆகாது, ரெசினுக்குப் பொருந்தாது. காய்ந்த பிளாஸ்டர் மூலம் அதன் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் லேடெக்ஸுக்கு ஏற்ற மூலம் அதுதான். ஈரக் களிமண்ணின் மேல் காய்வதற்குள் பொறுமை போய்விடும்.

உயிருள்ள கை, கால் அச்சுக்குத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது ஆல்ஜினேட். கடற்பாசியிலிருந்து வருவது, பல் மருத்துவர்கள் பல்வரிசை அச்செடுப்பதற்குப் பயன்படுத்துவது. சில நிமிடங்களில் இறுகும், வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம். நீரை இழந்து சுருங்கிக்கொண்டே இருப்பதால் ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்டர் ஊற்றிவிட வேண்டும். வார்ப்பை எடுக்கும்போது கிழிந்துபோகும். முகத்தில் அச்செடுப்பதை அனுபவமுள்ளவர் துணையில்லாமல் செய்யாதீர்கள், மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம். பார்க்கப்போனால், நேரடியாக எடுத்த முகம் சிற்பமாகவும் அவ்வளவு நன்றாக இருப்பதில்லை. அச்சின் எடை சதையை அமுக்குகிறது, கண் மூடியிருக்கிறது, தசையில் ஓட்டம் இல்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோடானின் ‘வெண்கல யுகம்’ சிலை 1877இல் காட்சிக்கு வந்தபோது, ஆளின் மேலேயே அச்செடுத்துவிட்டார் என்று குற்றம் சாட்டினார்கள். ஒரு சிற்பிக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்பது நேரடி அச்சைக் கையில் வைத்துப் பார்த்தவருக்குப் புரியும். அதே சமயம் அமெரிக்கச் சிற்பி ஜார்ஜ் சீகல் 1961 முதல், எலும்பு முறிவுக்குக் கட்டும் பிளாஸ்டர் கட்டுத்துணியை ஆட்கள் மேல் சுற்றி எடுத்து, உள்முகத்தின் நுணுக்கத்தை விட்டுவிட்டு, கரடுமுரடான வெளிப்புறத்தையே சிற்பமாக நிறுத்தினார். அச்சையே சிற்பமாக்கும் அந்த வழியும் திறந்தே இருக்கிறது.

ஜெலட்டின், கிளிசரின், தண்ணீர் மூன்றையும் சேர்த்துச் சூடாக்கி ஊற்றும் அச்சும் உண்டு. சிலிக்கோன் வருவதற்கு முன் பட்டறைகளில் வளையும் அச்சு என்றால் பெரும்பாலும் இதுதான். உருக்கி மறுபடி ஊற்றலாம் என்பதால் பழகுவதற்கு நல்லது. பிளாஸ்டரின் சூட்டில் மேற்பரப்பு இளகுவதால் சில பிரதிகளுக்கு மேல் தாங்காது.

எதில் வார்ப்பது

பிளாஸ்டர் வார்ப்பு வீட்டுக்குள்தான் நிற்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 2 கிராம் ஜிப்சம் கரையும், மழையில் வைத்தால் முகத்தின் கூர்மை மெல்ல மெல்லக் கரைந்துபோகும். வெளியே நிற்க வேண்டுமானால் சிமென்ட். ஒரு நாள் கழித்துப் பிரித்து, ஈரச் சாக்கால் மூடி நிதானமாக இறுகவிடுங்கள். முழு வலு வர 28 நாள் என்பது பொதுக் கணக்கு. மெழுகு வார்ப்பு உலோகத்துக்குப் போகும் வழி. அதில் திருத்தங்கள் செய்து வார்ப்புப் பட்டறைக்குக் கொடுக்கலாம். பாரஃபின் மெழுகை நேரடித் தீயில் உருக்காமல், தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள்.

ரெசினைத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வதில்லை. பாலியெஸ்டர் ரெசினின் ஸ்டைரீன் ஆவி மூடிய அறையில் ஆபத்து. எபாக்ஸி தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் வாழ்நாள் ஒவ்வாமை வரலாம். பாலியூரித்தேன் சில நிமிடங்களில் இறுகிவிடும், காற்றின் ஈரம் பட்டால் நுரைக்கும். கண்ணாடிபோலத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால் ஒத்திப்போடுங்கள். லேசான, உறுதியான வார்ப்பு வேண்டுமானால் ஜெஸ்மொனைட் போல நீர்சார்ந்த அக்ரிலிக் திரவத்தை ஜிப்சம் பொடியோடு கலக்கும் பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் கரைப்பானின் ஆவி கிடையாது.

அப்படியானால் எதை எடுப்பது

இதுவரை எதையும் வார்த்ததில்லை என்றால் களிமண் தட்டு. வேறு எதுவும் வேண்டாம், பிளாஸ்டரின் பக்குவம் கைக்கு வரட்டும். புடைப்புச் சிற்பம், உட்குடைவு இல்லை, சில பிரதிகள் வேண்டும் என்றால் ஒரே துண்டு பிளாஸ்டர் அச்சு. களிமண் தலை, ஒரே பிரதி போதும் என்றால் உடைத்தெடுக்கும் அச்சு. சிறிய உருவம், நிறையப் பிரதிகள் என்றால் சிலிக்கோன். தோட்டத்தில் சிமென்டில் நிற்கப்போகும் பெரிய உருவம், நேரம் இருக்கிறது, செலவைக் குறைக்க வேண்டும் என்றால் லேடெக்ஸ்.

களிமண் தலை, ஆனால் பிற்பாடு பிரதிகளும் வேண்டியிருக்கும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். அவர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். முதலில் உடைத்தெடுக்கும் அச்சில் ஒரு நல்ல பிளாஸ்டர் வார்ப்பு எடுங்கள். ஈரக் களிமண்ணில் முடியாத திருத்தங்களையெல்லாம், காது மடலின் ஓரம், உதட்டின் கோடு, முடியின் ஓட்டம் எல்லாவற்றையும் பிளாஸ்டரில் அரம் போட்டும் சுரண்டியும் நிதானமாக முடித்துக்கொள்ளலாம். அதுவே இனி உங்கள் மூலம். கெட்டுப்போகாது, அவசரப்படுத்தாது. வாரமோ வருடமோ கழித்து வசதி வரும்போது, அது முழுவதும் காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, அரக்கு வார்னிஷ் இரண்டு பூச்சுக் கொடுத்துத் துளைகளை அடைத்துவிட்டு, அதன்மேல் சிலிக்கோனைப் பூசுங்கள்.